ரிசல்ட் அன்று அந்தச் சக்கரம் எங்கே சிக்கிச் சுற்றுகிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று காலையில், காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் கால் வைக்க இடம் இருக்காது. இருந்தது எட்டு கம்ப்யூட்டர். வந்தது நாற்பது பிள்ளைகள், கூடவே அம்மா, மாமா, எதிர்வீட்டு அண்ணன், வாசலில் செருப்புக் குவியல். ஒன்பதரை ஆகும், பத்து ஆகும், திரையில் மணல் கடிகாரம் மட்டும் கவிழ்ந்து கவிழ்ந்து நிமிரும். இப்போது அதற்குப் பதில் ஒரு சக்கரம் சுற்றுகிறது, வேறு வித்தியாசம் இல்லை. "நெட்டு கீது, ஆனா வரமாட்டேங்குதேண்ணா" என்று ஒரு பெண் கண்ணைக் கசக்க ஆரம்பிப்பாள். யாரோ ஒரு மாமா வோல்டேஜ் கம்மி என்பார், இன்னொருவர் அந்த மூலை கம்ப்யூட்டர் ராசியில்லை என்பார், கடைசியில் எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்ப்பார்கள்.

எனக்கும் அன்றைக்கு முழுசாகத் தெரியாது. கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. இப்போது சாயங்காலங்களில் பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பைனரி, ஆஸ்கி, ஐ.பி. முகவரி, சர்வர் என்று எல்லாவற்றையும் இரண்டு மார்க் கேள்வியாகத் தனித்தனியே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஒன்றோடு ஒன்று எப்படிக் கோர்த்திருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். அதைக் கோர்க்க ரிசல்ட் நாளைவிட நல்ல நூல் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் பட்டனைத் தட்டுவதற்கும் மார்க் தெரிவதற்கும் நடுவில் ஏழெட்டு ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலைதான் தெரியும், பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளும் அக்கறையும் கிடையாது. சக்கரம் சுற்றுகிறது என்றால் அந்த வரிசையில் யாரோ ஒருவர் கையில் உங்கள் வேலை மாட்டிக்கொண்டு நிற்கிறது. யார் கையில் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அந்த ரிசல்ட் எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். ஆறு பாடம், ஒவ்வொன்றும் நூற்றுக்கு, மொத்தம் 600. கம்ப்யூட்டருக்குள் இருப்பதெல்லாம் ஸ்விட்ச் மாதிரியான சமாச்சாரம், போட்டால் 1, அணைத்தால் 0, அப்படி ஒரு ஸ்விட்சுக்குப் பெயர்தான் பிட். ஒரு ஸ்விட்ச் இருந்தால் இரண்டு நிலை, இரண்டு இருந்தால் நான்கு, மூன்று இருந்தால் எட்டு, இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் ஏழு ஸ்விட்சில் 128 நிலை கிடைத்துவிடும். பூஜ்யத்திலிருந்து நூறு வரை எந்த மார்க்கையும் எழுத அது தாராளம். 87 மார்க் என்றால் 1010111. இடமிருந்து வலமாக 64, 32, 16, 8, 4, 2, 1 என்று வீட்டு நம்பர் போட்டு, விளக்கு எரிகிற வீடுகளை மட்டும் கூட்டிப் பாருங்கள், 64, 16, 4, 2, 1 சேர்ந்து 87 வரும். எட்டு பிட் ஒரு பைட். ஆக, பாடத்துக்கு ஒரு பைட் கொடுத்தால்கூட உங்கள் பன்னிரண்டு வருஷப் படிப்பு மொத்தமும் ஆறு பைட்டில் அடங்கிவிடுகிறது. சித்தப்பா தினமும் அனுப்புகிற குட்மார்னிங் ரோஜாப்பூ லட்சம் பைட்டைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த ரோஜா வந்துவிடுகிறது, இந்த ஆறு பைட் வரமாட்டேன் என்கிறது. அதனால் ரிசல்ட்டின் கனம் சக்கரத்துக்குக் காரணமாக இருக்க முடியாது, அந்த ஆளை விட்டுவிடலாம்.

எண்ணுக்கு ஸ்விட்ச் போதும், பெயருக்கு? கம்ப்யூட்டருக்கு எழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது. இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்று மனிதர்கள் உட்கார்ந்து பேசிப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள், அதை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. ஆஸ்கி என்கிற அமெரிக்கப் பட்டியல் 1963-ல் வந்தது. ஏழு பிட், 128 இடம். ஆங்கிலப் பெரிய 'ஏ'-வுக்கு 65, பெரிய 'ஓ'-வுக்கு 79, பூஜ்யம் என்கிற இலக்கத்துக்கு 48. இதைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஆனால் என் கடையில் வருஷத்துக்கு இரண்டு பேராவது பதிவெண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ அடித்துவிட்டு, அப்படி ஒரு எண்ணே இல்லை என்று திரை சொன்னதும் மயக்கம் போடாத குறையாக நிற்பார்கள். நம் கண்ணுக்கு இரண்டும் வட்டம், கம்ப்யூட்டருக்கு 79 எங்கே, 48 எங்கே.

அந்த 128 இடத்தில் தமிழுக்கு ஒரு திண்ணைகூட இல்லை. அதனால் என்ன செய்தார்கள் என்றால், ஆங்கில எழுத்துகளின் எண்ணிலேயே தமிழ் உருவத்தை வரைந்து ஆளாளுக்கு ஒரு ஃபான்ட் போட்டார்கள். குடியாத்தத்தில் டைப் அடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை ஒருவர் சி.டி.யில் போட்டு என் கடைக்கு எடுத்து வந்தார். திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. வைரஸ் என்று நினைத்து அவரே அழிக்கப் போனார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஃபைலில் இருந்த எண்கள் ஒன்றுகூட மாறவில்லை, அவர் கம்ப்யூட்டரில் இருந்த பட்டியல் என் கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான். இந்தத் தலைவலிக்கு மருந்தாக உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பட்டியலாக யூனிகோட் வந்தது. அதில் 'அ' 2949, 'க' 2965. தமிழக அரசு 2010-ல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

யூனிகோடில் 'வேலூர்' எழுதுவது ஒரு தனி வேடிக்கை. நமக்கு அது மூன்றெழுத்து. யூனிகோடுக்கு ஆறு: வ, ஏகாரக் கொம்பு, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. கொம்பு திரையில் வ-வுக்கு முன்னால் தெரிகிறது, ஆனால் உள்ளே வ-வுக்குப் பின்னால்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. திரையில் வரையும் நிரல்தான் அதை முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. இணையத்தில் அதிகமாகப் புழங்கும் யு.டி.எஃப்-8 முறையில் இந்த ஆறில் ஒவ்வொன்றும் மூன்று பைட் கேட்கும், ஆக 18 பைட். ஆங்கிலத்தில் நம் ஊர்ப் பெயர் ஏழெழுத்து, ஏழே பைட். எஸ்.எம்.எஸ். விஷயத்திலும் இதே கதைதான். ஒரு எஸ்.எம்.எஸ். என்பது 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஏழு பிட், வகுத்தால் 160 எழுத்து. தமிழுக்குப் பதினாறு பிட், வகுத்தால் 70. அந்த எழுபதிலும் 'வேலூர்' ஒன்றே ஆறைத் தின்றுவிடும். தமிழில் மெசேஜ் அனுப்பினால் ஏன் சீக்கிரமே இரண்டு மெசேஜ் ஆகிவிடுகிறது என்று இனிமேல் கம்பெனிக்காரனைத் திட்டுவதற்கு முன்னால் வகுத்துப் பாருங்கள்.

சரி, பட்டனைத் தட்டியாகிவிட்டது. நீங்கள் அடித்தது தளத்தின் பெயர், பெயரெல்லாம் மனிதர்களுக்காக. நெட்டில் செல்லுபடியாவது எண்தான். 'அத்தை' என்று தேடினால் போன் அத்தையின் நம்பரை எடுத்துப் போடுகிற மாதிரி, தளத்தின் பெயரைச் சொன்னால் எண்ணைத் தருகிற ஏற்பாட்டுக்குப் பெயர் டி.என்.எஸ். ஆரம்பத்தில் உலகத்தில் இருந்த மொத்தக் கம்ப்யூட்டர் பெயர்களும் கலிஃபோர்னியாவில் ஒரு இடத்தில் ஒரே ஃபைலில் இருந்தன, எல்லாரும் அதையே நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகவில்லை, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். அதன் அழகே யாருக்கும் முழு விஷயம் தெரிய வேண்டியதில்லை என்பதுதான். அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் யாரோ ஒருவர் வீட்டுக்கு விசாரித்துக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். வேலூர் பஸ் ஸ்டாண்டில் கேட்டால் எந்த பஸ் என்று மட்டும் சொல்வார்கள், இறங்கின இடத்து டீக்கடையில் எந்தத் தெரு என்பார்கள், தெருவில் கோலி விளையாடுகிற பையன் வீட்டைக் காட்டுவான். பஸ் ஸ்டாண்டுக்காரருக்கு அந்த வீடு தெரியாது, பையனுக்கு பஸ் நம்பர் தெரியாது. டி.என்.எஸ். அப்படித்தான் உச்சியில் இருப்பவரிடம் கேட்டு, அவர் கைகாட்டும் இந்தியப் பெயர்களின் பொறுப்பாளரிடம் கேட்டு, அவர் சொல்லும் அடுத்தவரிடம் கேட்டுக் கடைசியில் எண்ணோடு வருகிறது. ஒருமுறை விசாரித்ததைக் கொஞ்ச நேரம் ஞாபகமும் வைத்துக்கொள்ளும். தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என்று முடிகிற தளப் பெயரும் உண்டு, எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள் தெரியவில்லை.

இந்த இடத்தில் சிக்கினால் பெரும்பாலும் இப்படி ஒரு முகவரியே இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி ஒரு செய்தி வந்துவிடும். ஒன்று எழுத்துப்பிழை, இல்லையென்றால் உங்கள் நெட் இணைப்பே இல்லை. சுற்றிக்கொண்டே இருக்கும் சக்கரத்துக்கு இந்த ஆளும் காரணம் இல்லை.

இப்போது எண் கையில் வந்துவிட்டது, ஐ.பி. முகவரி. இதை விளக்க எனக்குத் தபால் பின்கோடுதான் கைகொடுக்கிறது, 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த ஏற்பாடு. 632001 என்றால் முதல் இலக்கம் 6 தென்பகுதி, 632 வரைக்கும் படித்தால் வேலூர் வட்டாரம், மிச்ச மூன்று இலக்கம் தபால் நிலையம். டெல்லியில் கடிதம் பிரிப்பவருக்கு வேலூர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டாம், முன்னால் இருக்கிற இலக்கத்தைப் பார்த்துத் தெற்கே போகிற மூட்டையில் எறிந்தால் அவர் வேலை முடிந்தது. நெட்டில் பாதைகள் பிரிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற ரூட்டர் என்கிற கருவி செய்வதும் இதுதான், முகவரியின் முன்பகுதியை மட்டும் பார்த்து எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவு செய்கிறது. இன்னொரு ஒற்றுமை இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆம்பூர் 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரியும்வரை வேலூர் மாவட்டம்தான், ஆனால் அதன் பின்கோடு 635 என்றுதான் தொடங்கும், 632 இல்லை. கலெக்டர் ஆபீஸ் போட்ட கோடு வேறு, தபால் மூட்டை போகிற வழி வேறு. ஐ.பி. முகவரியும் வழியைத்தான் சொல்லும், ஊரைச் சொல்லாது. வேலூர் சத்துவாச்சாரியில் உட்கார்ந்து போனைத் திறந்தால் 'சென்னையில் வாடகை வீடு' என்று விளம்பரம் வருகிறதே, உங்கள் போன் கம்பெனி உங்களை நெட்டுக்குள் விடுகிற வாசல் சென்னையில் இருக்கலாம், விளம்பரக்காரன் கண்ணுக்கு அந்த வாசல்தான் தெரிகிறது.

பழைய ஐ.பி. முகவரி 32 பிட், இரட்டித்துப் பார்த்தால் சுமார் 429 கோடி முகவரி. அன்றைக்கு அது கடல் மாதிரி இருந்திருக்கும். 2011 பிப்ரவரியில் உலகத்துக்கே பிரித்துக்கொடுக்கிற தலைமைக் கையிருப்பு காலி. இப்போது வீட்டு வைஃபையில் ஐந்து போன் இருந்தாலும் வெளியே ஒரே முகவரிதான், உள்ளே 192.168 என்று தொடங்கும் அறை எண்கள், ஹாஸ்டலுக்கு வருகிற கடிதத்தை வார்டன் பிரித்துக் கொடுக்கிற மாதிரி. புதிய முறை 128 பிட், நம் நாட்டு மொபைல் நெட்வொர்க்குகள் அதைப் பெரிய அளவில் பயன்படுத்துகின்றன.

அடுத்து, போகிற சரக்கு. நீங்கள் அனுப்பும் எதுவும் முழுசாகப் போவதில்லை. சாதாரணமாக ஒரு துண்டுக்கு 1500 பைட் அளவில் நறுக்கி, ஒவ்வொரு துண்டின் நெற்றியிலும் போகிற முகவரி, வந்த முகவரி, வரிசை எண் எல்லாம் எழுதித்தான் அனுப்புகிறார்கள். துண்டுக்குப் பெயர் பாக்கெட். காட்பாடி ஜங்ஷன் தெரிந்தவர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை. கிழக்கே அரக்கோணம் வழியாகச் சென்னை, மேற்கே ஜோலார்பேட்டை, வடக்கே சித்தூர் வழியாகத் திருப்பதி, தெற்கே வேலூர் கன்டோன்மென்ட் தாண்டித் திருவண்ணாமலை, விழுப்புரம் என்று நாலு பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. ஒரு ரயிலின் பெட்டிகளைக் கழற்றி ஒவ்வொன்றையும் தனித்தனி வழியில் விட்டு, போய்ச் சேரும் ஊரில் எண் பார்த்து மறுபடி கோர்க்கிறார்கள் என்று கற்பனை செய்யுங்கள். ரயில்வேக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், இன்டர்நெட் அதைத்தான் ராப்பகலாகச் செய்கிறது. ஒரு பாதை உடைந்தால் இன்னொன்று. ஒரு பெட்டி காணாமல் போனால் அந்த எண்ணுள்ள பெட்டியை மட்டும் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். இந்த எண்ணிக்கை, திரும்பக் கேட்டல் எல்லாம் டி.சி.பி. என்கிற ஒப்பந்தத்தின் வேலை. அமெரிக்கப் பொறியாளர்கள் விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-ல் எழுதியது அதற்கு அடித்தளம், 1983 ஜனவரி 1-ல் அன்றைய அர்பாநெட் முழுக்க அதற்கு மாறியது. அர்பாநெட்தான் இன்டர்நெட்டின் பாட்டி. 1969 அக்டோபர் 29-ல் அதில் போன முதல் செய்தி என்ன தெரியுமா? 'லாகின்' என்று அடிக்கப் பார்த்தார்கள், முதல் இரண்டு எழுத்து போனதும் எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நமக்கு ரிசல்ட் அன்று நடப்பது அவர்களுக்கு முதல் நாளே நடந்திருக்கிறது.

டி.சி.பி. பேச்சை ஆரம்பிக்கிற விதம் நாம் சிக்னல் சரியில்லாத இடத்தில் போன் பேசுகிற மாதிரியே இருக்கும். "ஹலோ, கேக்குதா?" "கேக்குது, உனக்குக் கேக்குதா?" "கேக்குது." இந்த மூன்றும் முடிந்தால்தான் விஷயத்துக்கே வருவார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சக்கரம் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும்.

நடுவில் ஒரு வார்த்தை, வழியைப் பற்றி. இன்டர்நெட் என்றால் வானத்தில் சாட்டிலைட் என்று இன்னும் பாதிப் பேர் நினைக்கிறார்கள். உங்கள் போனிலிருந்து பக்கத்து டவர் வரைக்கும்தான் பெரும்பாலும் காற்று. அதற்கப்புறம் ஏறக்குறைய எல்லாம் மண்ணுக்கடியில் போகிற கண்ணாடி இழை, அதில் ஒளி. ஜவ்வாது மலைமேல் சில கிராமங்களில் போன் வெறும் டார்ச் லைட்டாகத்தான் பயன்படும் என்றால், கண்ணாடி இழையையோ டவரையோ மலையேற்றுவது சுலபமில்லை என்று அர்த்தம். நாடு தாண்டிப் போவதற்குக் கடலடிக் கேபிள். சென்னையில் கரையேறுகிற கேபிள்கள் பல, சிங்கப்பூருக்கு நேராகப் போவதும் உண்டு, 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கும் சுமார் 2300 கி.மீ. கேபிள் போட்டார்கள். 2008 ஜனவரி கடைசியில் எகிப்தில் அலெக்சாண்ட்ரியா பக்கம் கடலுக்கடியில் கேபிள் அறுந்ததில் இங்கே இந்தியாவில் நெட் தள்ளாடியது. ஆனால் நம் ரிசல்ட்டுக்குக் கடல் தாண்டும் அவசியம் இல்லை. கண்ணாடியில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும், காட்பாடியிலிருந்து சென்னை சுமார் 130 கி.மீ., ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிடிக்காது. தூரமும் குற்றவாளி இல்லை.

மிச்சம் இருப்பது சர்வர். பெயர்தான் பெரிசு, அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான், கேட்டால் கொடுப்பதற்கென்றே உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டர். அதனிடம் உங்கள் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போகின்றன. ஏழெட்டு லட்சம் பேர் பட்டியலில் உங்களை எப்படித் தேடுகிறது, முதல் ஆளிடமிருந்தா? எங்கள் அண்ணன் காலத்தில் ரிசல்ட் பேப்பரில் வரும், பாஸானவர்களின் எண் மட்டும் எறும்பு ஊர்கிற மாதிரி பக்கம் பக்கமாக. யாரும் முதல் வரியிலிருந்து படித்ததில்லை. நடுப்பக்கத்தைப் பிரித்து, நம்ம எண் இதைவிடப் பெரிசா சின்னதா என்று பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிட்டு, மிச்ச பாதியின் நடுவில் விரலை வைத்து, மறுபடி பெரிசா சின்னதா என்று பார்த்து... இதற்கு பைனரி தேடல் என்று பெயர் இருப்பது அண்ணனுக்குத் தெரியாது. எண்கள் வரிசையாக அடுக்கியிருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஒவ்வொரு முறையும் பாதி கழிவதால், 20 முறை பார்த்தால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெயரில் ஒருவரைப் பிடித்துவிடலாம். இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576. முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் சராசரியாக நாலு லட்சம் பேரைத் தாண்ட வேண்டும். அல்காரிதம் என்ற வார்த்தையைக் கேட்டு இனிமேல் பயப்பட வேண்டாம், அந்தப் பேப்பரில் விரல் நகர்ந்த விதம்தான் அல்காரிதம்.

தேடுவதும் சுலபம் என்றால் அப்புறம் ஏன் சுற்றுகிறது? கூட்டம். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். சர்வர் ஒரு விநாடிக்கு 2000 பேருக்குப் பதில் சொல்லும், 8 லட்சம் மாணவர்கள், ஒவ்வொருவருக்காகவும் பெரியப்பா, டியூஷன் சார், பக்கத்து வீட்டு அக்கா என்று மொத்தம் நாலு பேர் பார்க்கிறார்கள். 32 லட்சம் கேள்வி, 2000-ஆல் வகுத்தால் 1600 விநாடி, அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. யார் மேலும் தப்பில்லாமலே, எதுவும் கெட்டுப்போகாமலே அரை மணி நேரம் சக்கரம் சுற்றும். வாசலில் கூட்டம் நிரம்பிவிட்டால் "ஹலோ, கேக்குதா"-வுக்கே பதில் வராது.

இதில் நாம் செய்கிற அநியாயம் ஒன்று இருக்கிறது, ரிஃப்ரெஷ். வரவில்லை என்றதும் அமுக்கு, மறுபடி அமுக்கு. ரேஷன் கடையில் டோக்கன் வாங்கியவர் பொறுமையில்லாமல் அதைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி வரிசைக் கடைசியில் போய்ப் புது டோக்கன் வாங்கினால் எப்படி இருக்கும்? அதிலும், கிழித்த டோக்கனுக்கும் கடைக்காரர் அரிசியை அளந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருப்பார், பல சமயம் சர்வர் அப்படித்தான் நீங்கள் கைவிட்ட கேள்விக்கும் பதிலைத் தயார் செய்துவிட்டு வாங்க ஆளில்லாமல் நிற்கும். நாலு பேர் பத்துத் தடவை அமுக்கினால் அந்த 32 லட்சம் 3 கோடியே 20 லட்சம். என் கடையில் எட்டு கம்ப்யூட்டரிலும் எட்டு பேர் அமுக்கிக்கொண்டே இருந்தார்கள், நானும் ஒன்பதாவது ஆளாக ஓடி ஓடி எல்லாருக்கும் அமுக்கிக் கொடுத்தேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பதில் சொல்கிற சர்வர்களைப் பலவாக்கி வேலையைப் பிரித்துக் கொடுப்பது, ஒரே மாதிரியான பக்கத்தை ஊர் ஊராக நகல் வைத்துக்கொள்வது, எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பிவிடுவது என்று இதற்கு வைத்தியங்கள் உண்டு. எஸ்.எம்.எஸ். எனக்குப் பிடித்த வைத்தியம், ஏனென்றால் அதில் யாரும் வந்து கேட்கவே வேண்டாம், அதுவே தேடி வருகிறது. அதோடு ஆறு பைட்டுக்கு அது தாராளமான பை.

பூட்டுப் படத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ரிசல்ட் அன்று போலித் தளங்களும் முளைக்கின்றன. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால், அல்லது முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கினால், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகிற பாக்கெட்டை வழியில் பிரித்துப் படிக்க முடியாது என்று அர்த்தம். தளத்தை நடத்துகிறவர் யோக்கியர் என்று பூட்டு சொல்லவில்லை. திருடன் வீட்டிலும் பூட்டு தொங்கும். மார்க் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும், ஆதார் எண், ஓ.டி.பி., பத்து ரூபாய் கட்டணம் என்று எதாவது கேட்டால் மூடிவிட்டு வாருங்கள்.

போன தடவை ரிசல்ட் அன்று தங்கை மகள் போன் செய்தாள். "மாமா, சுத்திக்கிட்டே இருக்குது." வேறு ஏதாவது தளத்தைத் திறந்து பார் என்றேன், டக்கென்று திறந்தது. அப்படியானால் டவர் சரி, ரீசார்ஜ் சரி, வழி சரி. ரிசல்ட் தளத்தின் பெயர் தப்பில்லை, தப்பாக இருந்தால் முகவரி இல்லை என்று சொல்லியிருக்கும். மிச்சம் சர்வர் வாசல் கூட்டம்தான், போனை வைத்துவிட்டு இட்லி சாப்பிடு, கை படாமல் பார்த்துக்கொள் என்றேன். முக்கால் மணி கழித்து வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது: 'மாமா, கம்ப்யூட்டர் சயின்ஸ் 1010111'. குடும்பக் குரூப்பில் போட்டிருக்கிறாள். தங்கை உடனே எனக்குப் போன் செய்து, அது என்ன பத்து லட்சத்துப் பத்தாயிரம் என்று கேட்டாள், ஏதாவது ஃபீஸா?